இளைஞர்களுக்கான கொள்கையை மாற்றப் பல அமைப்புகள் சேர்ந்து உழைப்பது எப்படி? படிப்படியான வழிகாட்டி

இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளின் லோகோக்களை வரிசையாக அச்சிட்ட ஒரு மனுவோடு, சில வருடங்களுக்கு முன் ஓர் அரசு அதிகாரியின் அறையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஆறு பேர். மனுவில் பதினான்கு கோரிக்கைகள். அவர் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு, "எல்லாம் நியாயம்தான். இதில் என் மேசையில் முடிகிற விஷயம் எது?" என்று கேட்டார். ஆறு பேரும் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னோம். அவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. அந்த மனுவை எழுதியது நான்தான் என்பதால், பழியில் பெரும்பங்கும் எனக்குத்தான்.

அதற்குப் பிறகு வேறு சில கூட்டமைப்புகளில் வேலை பார்த்ததில் ஒன்று புரிந்தது. அரசு காது கொடுக்கவில்லை என்று நாம் புலம்புகிற இடங்களில் பாதிக்கு மேல், நமக்குள் பேசி முடிக்காத ஏதோ ஒன்று முன்னாடியே இருந்திருக்கும். யார் பேசுவது, எதை விட்டுக்கொடுப்பது, பணம் யார் கையில் இருப்பது என்பதெல்லாம் சங்கடமான பேச்சு. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே அமைச்சர் அலுவலகம் வரைக்கும் போய்விடுகிறோம். இந்த வழிகாட்டியில் உள்பேச்சுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

முதல் படி: கோரிக்கையைக் குறுக்குங்கள்

"இளைஞர் நலன்" என்று ஆரம்பிக்கிற எந்தக் கூட்டமும் இரண்டு மணி நேரத்துக்குள் கல்வி, வேலை, மனநலம், போதை, போக்குவரத்து, வீட்டு வாடகை எல்லாவற்றையும் தொட்டுவிடும். தொடட்டும். முதல் கூட்டத்தில் மனதில் இருப்பதைக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது கூட்டம் முடிவதற்குள் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்ச வேண்டும்: யார், எந்த விதியை, எப்படி மாற்ற வேண்டும்.

"வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்க வேண்டும்" என்பது ஆதங்கம். "தொழிற்பழகுநர்களின் உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் சேர வேண்டும், தாமதமானால் யாரிடம் முறையிடுவது என்று விதியிலேயே எழுத வேண்டும்" என்பது கோரிக்கை. முதலாவதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதைக் கேட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, பிரச்சினை எந்த மட்டத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். சட்டத்திலா, சட்டத்தின்கீழ் எழுதிய விதியிலா, ஒரு துறை அனுப்பிய சுற்றறிக்கையிலா, நிதி ஒதுக்கீட்டிலா, இல்லை எல்லாம் சரியாக இருந்தும் அலுவலக நடைமுறையிலா? என் அனுபவத்தில் கடைசி மூன்றில்தான் பெரும்பாலானவை மாட்டிக்கொண்டிருக்கும். சட்டத் திருத்தம் கேட்டுப் பல வருடம் அலைந்த பிறகு, ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது என்று தெரிந்துகொள்வதைப் போன்ற எரிச்சல் வேறு கிடையாது.

இங்கேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. "இளைஞர்" என்றால் யார்? ஐ.நா. தன் புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வயது என்று வைத்துக்கொள்கிறது. அதே ஐ.நா.வின் பாதுகாப்புச் சபை, இளைஞர், அமைதி, பாதுகாப்பு பற்றி 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானத்தில் 18 முதல் 29 என்கிறது. 2006-இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 15 முதல் 35 வரை. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருமே குழந்தைகள். ஆக, 16 வயதுப் பெண் ஓர் ஆவணத்தில் குழந்தை, இன்னோர் ஆவணத்தில் இளைஞர். உங்கள் கூட்டமைப்பில் ஓர் அமைப்பு பள்ளி மாணவர்களோடும் இன்னொன்று முப்பது வயதுக்காரர்களோடும் வேலை செய்தால், இரண்டு பேரும் ஒரே சொல்லை வேறு வேறு ஆட்களை நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வயது வரம்பை முதல் பக்கத்திலேயே எண்ணில் எழுதிவிடுங்கள். எந்தத் துறையின் கதவைத் தட்டுவது என்பதும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

இரண்டாம் படி: யாரைச் சேர்ப்பது

ஆள்பலம் காட்டுவதற்காகக் கண்ணில் படுகிற எல்லோரையும் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். முதலில் இந்தக் கோரிக்கைக்கு என்னென்ன தேவை என்று பட்டியலிடுங்கள். பாதிக்கப்பட்ட இளைஞர்களே உறுப்பினர்களாக இருக்கும் ஓர் அமைப்பு, விவரங்களைச் சேகரித்து அலசத் தெரிந்த ஓர் அமைப்பு, வரைவு எழுதத் தெரிந்த வழக்கறிஞர்கள், அந்தத் துறைக்குள் பழக்கம் உள்ளவர்கள், ஊடகத்தோடு பேசத் தெரிந்தவர்கள். ஒரு தேவைக்கு மூன்று பேர், இன்னொன்றுக்கு ஆளே இல்லை என்ற நிலை அடிக்கடி வரும். ஆளே இல்லாத இடத்தை நிரப்புவதுதான் அடுத்த வேலை.

இரண்டு வட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. உள்வட்டத்தில் ஐந்து முதல் ஒன்பது அமைப்புகள்: வேலை செய்பவை, முடிவெடுப்பவை. வெளிவட்டத்தில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்: ஆதரவுக் கையெழுத்துப் போடுபவை, தேவைப்படும்போது ஆள் அனுப்புபவை. வெளிவட்டத்தில் இருப்பதைக் கௌரவக் குறைவாக யாரும் நினைக்காதபடி ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் அது தகராறாகத்தான் முடியும்.

யார் வரவில்லை என்பதையும் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், மாற்றுத்திறனாளி இளைஞர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்மார்கள் ஆகியோருக்காகப் பேசும் அமைப்புகள் பெரும்பாலும் சிறியவை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைக்கிற கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. "அழைத்தோம், வரவில்லை" என்று குறிப்பில் எழுதுவதற்கு முன், கூட்ட நேரத்தை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாம் படி: உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்

இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. "நாமெல்லாம் நண்பர்கள்தானே, எதற்கு எழுதிக்கொண்டு?" என்று ஒருவர் கேட்பார். நண்பர்களாக இருப்பதால்தான் எழுத வேண்டும். இரண்டு பக்கம் போதும். வக்கீல் மொழியும் வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

கூட்டமைப்பின் பெயரில் யார் பேசலாம்? பத்திரிகையாளர் இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் யாரைக் கேட்டுப் பதில் சொல்வது? இரண்டு பேரை நியமித்து, அதில் ஒருவராவது இளைஞராக இருக்கட்டும். மற்றவர்கள் தங்கள் அமைப்பின் பெயரில் தாராளமாகப் பேசலாம். கூட்டமைப்பின் பெயரில் கூடாது.

முடிவெடுப்பது எப்படி? ஒருமித்த கருத்துதான் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஒருவர் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்றும் எழுதியிருக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது இது: முதலில் ஒருமித்த கருத்துக்கு முயற்சி, முடியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, தோற்றவர் அந்த அறிக்கையில் மட்டும் தன் பெயரை விலக்கிக்கொள்ளலாம், கூட்டமைப்பை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அரசின் நிதியுதவியில் இயங்கும் அமைப்புகளுக்கு இந்தக் கடைசி வசதி உயிர்நாடி. அவர்களால் சில அறிக்கைகளில் கையெழுத்துப் போட முடியாது. அதைக் கோழைத்தனம் என்று முத்திரை குத்தினால், உள்ளே இருந்து தகவல் சொல்லக்கூடிய ஒரே ஆளையும் இழந்துவிடுவீர்கள்.

வரைவு அறிக்கையை உறுப்பினர்களுக்கு அனுப்பினால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்? சாதாரண நாளில் 72 மணி நேரம், அவசரத்துக்கு 12 என்று வைத்துப் பார்த்ததில் ஒத்துவந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை என்று எடுத்துக்கொள்வதா? இதையும் எழுதுங்கள். பாதிச் சண்டை இங்கேதான் வரும்.

பணம். சிறிய அமைப்புகள் வாய்விட்டுக் கேட்காது. பெரியவை கேட்க வேண்டிய தேவையே இருக்காது. கூட்டாகப் பெறும் நிதி யார் கணக்கில் வரும், கணக்கை யாருக்கெல்லாம் காட்டுவது, பெரிய அமைப்பு தன் நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுக்கும் என்று தெளிவாக இருக்கட்டும். ஒரு கூட்டமைப்பு உடைந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கொள்கையில் துளி வேறுபாடு கிடையாது. ஒரே நிதியளிப்பாளரிடம் இரண்டு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் விண்ணப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, மிக முக்கியமாக: எதை விட்டுக்கொடுப்பீர்கள்? நைஜீரியாவில் 2016-இல் தொடங்கிய "போட்டியிட முடியாத இளமை இல்லை" என்ற பொருள்படும் பிரச்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல இளைஞர் அமைப்புகள் சேர்ந்து, தேர்தலில் நிற்பதற்கான குறைந்தபட்ச வயதைக் குறைக்கக் கேட்டன. அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் தாண்டி, 36 மாநில அவைகளில் மூன்றில் இரண்டு பங்கின் ஒப்புதலும் வேண்டும். அதனால் மாநிலம் மாநிலமாக வேலை நடந்தது. 2018 மே 31 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோது, அவருடைய பதவிக்கான வயது 40-லிருந்து 35 ஆனது. கீழவைக்கும் மாநில அவைகளுக்கும் 30-லிருந்து 25 ஆனது. ஆனால் செனட்டும் ஆளுநர் பதவியும் பழைய 35-லேயே நின்றுவிட்டன. கேட்டதில் ஒரு பகுதி வழியில் கழன்றுபோயிருந்தது. அந்த இடத்தில் உங்கள் கூட்டமைப்பு இருந்தால் "கிடைத்தது போதும்" என்று வாங்கிக்கொள்ளுமா, "முழுதாகக் கொடு" என்று நிற்குமா? பேரம் நடக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்க நேரம் இருக்காது. மூன்று வரி எழுதி வையுங்கள்: இது கட்டாயம் வேண்டும், இது குறைந்தாலும் சரி, இது நடந்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம்.

இதையெல்லாம் நினைவில் வைத்து, குறிப்பு எழுதி, ஆட்களைத் துரத்திப் பிடிக்க ஒருவர் வேண்டும். சம்பளத்தோடு. பல துறை அமைப்புகளின் கூட்டுமுயற்சி பற்றி 2011-இல் ஜான் கானியா, மார்க் கிரேமர் இருவரும் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. வெற்றிக்கு அவர்கள் சொன்ன ஐந்து நிபந்தனைகளில் ஒன்று, முதுகெலும்பாக நிற்கும் தனிச் செயலகம். "ஆளாளுக்குக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்" என்ற ஏற்பாடு எத்தனை வாரம் தாங்கும் என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

நான்காம் படி: இளைஞர்களுக்கு எந்த நாற்காலி?

இளைஞர்களுக்கான கொள்கை பற்றிய கூட்டத்தில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லாமல் போவது அபூர்வமில்லை. இன்னொரு பக்கம், மேடையில் பூங்கொத்துக் கொடுக்க மட்டும் இரண்டு மாணவர்களை அழைத்து வருவதும் நடக்கிறது.

ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியதில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்புக்குப் போட்டுக்காட்டிய ஏணியிலிருந்து பிறந்தது அது. ஹார்ட்டின் ஏணியில் கீழ் மூன்று படிகள்: ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு வைப்பது, பெயருக்குச் சேர்ப்பது. இந்த மூன்றும் பங்கேற்பே இல்லை என்பது அவர் கருத்து. உங்கள் கடைசி மூன்று நிகழ்ச்சிகளை அந்த ஏணியில் வைத்துப் பாருங்கள்; கொஞ்சம் வலிக்கும்.

லாரா லண்டி 2007-இல் வேறொரு வழி காட்டினார். குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை தருகிறது. அதைச் செயலாக்க நான்கு வேண்டும் என்றார்: பேச இடம், பேசுவதற்கான உதவி, பொறுப்பில் இருப்பவர் கேட்பது, கேட்டதற்கு ஏற்ப முடிவில் ஏதாவது மாறுவது. முதல் இரண்டோடு நாம் நின்றுவிடுகிறோம். நான்காவதுதான் கடினம். "நீங்கள் சொன்னதில் இதை எடுத்துக்கொண்டோம், இதை எடுக்கவில்லை, காரணம் இது" என்று திரும்பப் போய்ச் சொல்வதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

முழு அதிகாரப் பகிர்வுக்கும் முன்மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான, பல நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய கவுன்சிலில் (Council of Europe) இளைஞர் துறையின் முன்னுரிமைகளையும் வரவுசெலவையும் அரசுகளின் பிரதிநிதிகளும் இளைஞர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பாஸ்டன் நகரம் 2014-இல் தன் மூலதனச் செலவில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எந்தத் திட்டங்களுக்குச் செலவிடலாம் என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வாக்குக்கு விட்டது. அவ்வளவு தூரம் உடனே போக முடியாவிட்டாலும் சில சின்ன விஷயங்களை இன்றே செய்யலாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே ஓர் இளைஞரை அழைக்காதீர்கள். குறைந்தது இரண்டு பேர். தனியாக வருபவர் பேச மாட்டார், பேசினாலும் "எல்லா இளைஞர்களின்" பாரமும் அவர் தலையில் விழும். ஆவணங்களை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். பயணச் செலவைப் பிறகு தருகிறோம் என்று சொல்லாமல் முன்பே கொடுங்கள்; மற்றவர்கள் சம்பள நேரத்தில் வந்திருக்கும்போது அவர் மட்டும் ஒரு நாள் கூலியை இழந்து வந்திருக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம், உடன் வரும் ஆள், புகைப்படம் பற்றிய விதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அப்புறம், இளைஞர் பிரதிநிதிக்கும் வயதாகும். முதல் ஆண்டிலேயே அடுத்தவரைப் பழக்கத் தொடங்கினால்தான் மூன்றாம் ஆண்டு தடுமாறாமல் இருக்கும்.

ஐந்தாம் படி: ஆதாரம்

அரசின் சொந்தப் புள்ளிவிவரத்திலிருந்து தொடங்குங்கள். அதை அவர்கள் மறுக்க முடியாது. அதில் உங்கள் வயதுப் பிரிவு தனியாகக் கிடைக்காவிட்டால், "இந்த விவரத்தை வயதுவாரியாக வெளியிடுங்கள்" என்பதே நல்ல முதல் கோரிக்கை. செலவு குறைவு, எதிர்ப்பும் குறைவு. உறுப்பினர் அமைப்புகளிடம் உள்ள விவரங்களைச் சேர்க்கும்போது ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று "படிப்பை விட்டவர்" என்பதை ஒரு மாதம் வராதவர் என்று எண்ணியிருக்கும், இன்னொன்று பெயர் நீக்கப்பட்டவர் என்று எண்ணியிருக்கும். இரண்டையும் கூட்டிப் போட்ட எண்ணை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

செலவுக் கணக்கையும் நீங்களே போடுங்கள். தோராயமாக இருந்தாலும், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று காட்டினால் மதிப்பு உண்டு. எல்லாம் சேர்த்து ஒரே பக்கம்: பிரச்சினை, ஓர் எண், ஓர் ஆளின் அனுபவம், மாற்ற வேண்டிய வரி, ஆகும் செலவு. விரிவான அறிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தைச் சொன்ன இளைஞரிடம் அச்சுக்குப் போவதற்கு முன் கடைசி வடிவத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும்.

ஆறாம் படி: எந்தக் கதவு, எந்த மாதம்

வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும் வாரத்தில் நிதி கேட்டுப் போகிறவர்கள் ஏராளம். அதற்குப் பல மாதங்கள் முன்பே துறைகள் தங்கள் மதிப்பீட்டை அனுப்பியிருக்கும். எனவே நாள்காட்டியைப் பின்னோக்கிப் போடுங்கள்: அறிவிப்பு என்று, அதற்குமுன் துறைக் கோரிக்கை என்று, அதற்குமுன் அந்தக் கோப்பை யார் எழுதுகிறார். கோப்பை எழுதுபவர் பெரும்பாலும் நடுமட்ட அதிகாரி. அமைச்சரோடு எடுத்த படத்தைவிட அவரோடு அரை மணி நேரம் பேசியது அதிகப் பலன் தரும். அமைச்சர் மாறுவார், அவர் இருப்பார். எதிர்க்கட்சியினரிடமும் அதே ஒரு பக்கத் தாளைக் கொடுத்துவையுங்கள்.

ஏழாம் படி: உள்ளே பேசுபவர், வெளியே குரல் கொடுப்பவர்

சில அமைப்புகள் மேசையில் உட்கார்ந்து பேசும். சில தெருவில் நிற்கும். இரண்டும் தேவை. ஒருவர் மற்றவரைத் துரோகி என்றோ கலகக்காரர் என்றோ அழைக்கத் தொடங்கும் நாளில் கூட்டமைப்பு செத்துவிடும். இதற்கு ஒரே மருந்து, முன்தகவல். நாளை ஆர்ப்பாட்டம் என்றால் இன்றே பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தெரிய வேண்டும். நாளை அதிகாரியைச் சந்திக்கிறோம் என்றால் இன்றே தெருவில் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

எட்டாம் படி: கையெழுத்தான பிறகு

மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் நிறைவேறியது. அவையில் இருந்த 211 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பேதமே இல்லை. இதற்காகப் பாடுபட்ட உண்டி18 இயக்கம் அன்றைக்கே கடையைக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்சி மாறியது. 2021 மார்ச்சில், 2022 செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அறிவிப்பு வந்தது. இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 முடிவதற்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று திருத்தம் அமலுக்கு வந்தது. நிறைவேறியதற்கும் அமலானதற்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு இடைவெளி.

அந்த இடைவெளிக்கும் சேர்த்து ஆளும் பணமும் ஒதுக்குங்கள். கோரிக்கை ஏற்கப்பட்ட உடனே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அமலாகும் தேதி, பொறுப்பு அதிகாரியின் பதவி, எந்தத் தலைப்பில் பணம் வருகிறது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோரிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் நேரே "நடந்தது, பாதி, இல்லை" என்று குறித்து வெளியிடுங்கள். குறிப்பவர்கள் அந்தத் திட்டத்தைப் பயன்படுத்தும் இளைஞர்களாகவே இருக்கட்டும். அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பும் கவுண்டரில் கிடைக்கும் பதிலும் ஒன்றா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அமலாகி ஓர் ஆண்டு ஓடிய பிறகு உள்வட்டத்தைக் கூட்டிக் கலைப்பதா, தொடர்வதா என்று வாக்கெடுங்கள். தொடர்வது என்றால் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதுங்கள். கோரிக்கை மாறினால் உறுப்பினர்களும் மாற வேண்டியிருக்கும். கலைப்பது என்றால் மீதிப் பணத்தின் கணக்கை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, சமூக ஊடகப் பக்கங்களின் கடவுச்சொற்களையும் தொடர்புப் பட்டியலையும் யாரிடம் விடுவது என்று முடிவு செய்து, வாட்ஸ்அப் குழுவை மூடுங்கள். கூட்டக் குறிப்புகளை மட்டும் அழிக்காதீர்கள். சில வருடம் கழித்து வேறொரு குழு இதே கதவைத் தட்டப் போகும்போது, முதலில் கேட்பது அவற்றைத்தான்.